திருமுழுக்குப் பதிவேட்டோடு ஒரு கோடை

பெந்தகோஸ்து ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்ததும் உயிர்ப்பு விழாவில் ஏற்றிய பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியைப் பீடத்தருகிலிருந்து எடுத்துத் திருமுழுக்குத் தொட்டி பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். ஐம்பது நாள் வெயிலைத் தாங்கி நின்ற திரி, பாதி உயரத்தில் கொஞ்சம் வளைந்திருந்தது. தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். பீடச் சிறுவர்கள் இரண்டு பேர் அதை வெதுவெதுப்பான துணியில் சுற்றிப் பொறுமையாக நிமிர்த்தினார்கள். இனி அடுத்த பாஸ்கா வரை திருமுழுக்குக்கும் அடக்கத் திருப்பலிக்கும் மட்டும்தான் அது எரியும்.

கோடை தொடங்கியதிலிருந்து பங்குச் செய்தி ஒன்றும் எழுதவில்லையே என்று சிலர் கேட்டார்கள். பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. மறைக்கல்விக்கு விடுமுறை. பாடகர் குழுவில் பாதிப் பேர் வெளியூரில். உதவிப் பங்குத்தந்தை தன் பெற்றோரைப் பார்க்கப் போயிருக்கிறார். பிள்ளைகளுக்கான பத்து நாள் விவிலிய முகாம் மண்டபத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் நான் உட்கார்ந்திருக்கும் அறை வரை கேட்கிறது. அவ்வளவுதான் செய்தி. மீதி நேரமெல்லாம் ஒரு வேலையில் போனது. அதைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

தவக்காலத்தில் ஒரு நாள் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டேன். "சான்றிதழை வச்சு இந்த வயசுல நான் என்ன சாமி பண்ணப்போறேன்? எனக்கு ஞானத்தாயா நின்னது யாருன்னு தெரியணும். அம்மா சொல்லாமலே போயிட்டாங்க" என்றார். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மூன்றாவது ஏட்டை எடுத்தேன். அவர் சொன்ன ஆண்டைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினேன். தாள் வளையவில்லை. காய்ந்த இலை மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. எழுத்து ஓடிய வழியே ஒரு கோடு விரிந்தது. அவருடைய பதிவு இருந்தது, பெற்றோர் பெயர் இருந்தது, ஞானத்தந்தையின் பெயரும் இருந்தது. ஞானத்தாய் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அரிசி நீளத்துக்கு ஓர் ஓட்டை. பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் ஓட்டையின் இரண்டு கரையிலும் நின்றன.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல சாமி" என்று எழுந்து போனார். எனக்குத்தான் பரவாயில்லை என்று விட்டுவிட முடியவில்லை. ஏட்டை அப்படியே மூடி ஒரு துணியில் சுற்றி வைத்தேன்.

இந்த ஏடுகளைப் பார்த்துக்கொள்வது பங்குத்தந்தையின் விருப்பத்தைப் பொறுத்த வேலை இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆவது சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஏடுகள் இருக்க வேண்டும், அவை சரியாக எழுதப்படுகின்றனவா, கவனமாகப் பாதுகாக்கப்படுகின்றனவா என்று பங்குத்தந்தை பார்க்க வேண்டும், பழைய ஏடுகளையும் அதே அக்கறையோடு காக்க வேண்டும், வெளியார் கைக்கு அவை போகக் கூடாது. இதன் வேர் இன்னும் பழையது. 1563 நவம்பரில் திரிதெந்து நகரில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம் திருமணங்களையும் திருமுழுக்கையும் எழுதி வைக்கச் சொன்னது. 1614-இல் வந்த உரோமைச் சடங்கு நூல், எந்தெந்த ஏட்டில் எதை எப்படி எழுதுவது என்று வாசகங்களையே கொடுத்தது. நம் அலமாரியில் இருக்கும் மூன்று பழைய ஏடுகளும் அந்த வாசகங்களைத்தான் லத்தீனில் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கையெழுத்து மாறுகிறது, பெயர் மாறுகிறது, சொல் மாறுவதில்லை.

சரி, பொறுப்பு என்னுடையது. ஆனால் கை வைக்கும் உரிமையும் திறமையும் எனக்கு உண்டா? முதலில் ஆயரகத்துக்கு எழுதினேன். மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் தாள் செப்பனிடும் ஒரு சகோதரி இருக்கிறார். அவர் நேரில் வந்து மூன்று ஏடுகளையும் பார்த்தார். மூத்த ஏட்டைத் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும், அதில் நீங்கள் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நடு ஏட்டுக்குத் தூசி தட்டுவது போதும். மூன்றாவது ஏட்டின் கிழிசல்களை, சொல்லிக்கொடுத்தபடி மட்டும், நீங்களே செய்யலாம் என்றார். இரண்டு நாள் வெற்றுத் தாள்களில் எனக்குப் பயிற்சி கொடுத்தார். யாராவது இதைப் படித்துவிட்டுத் தங்கள் பங்கில் தொடங்க நினைத்தால், அந்த இரண்டு நாளை விட்டுவிடாதீர்கள்.

வேலைக்கு முன்னால் இன்னொன்று நடந்தது. நடு ஏட்டின் முதுகில் குண்டூசித் தலை அளவில் வட்டமான ஓட்டைகள் இருந்தன, அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த பொடி. ராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். இப்படித் துளை போடாது. இது வண்டின் புழு. உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தப் பொடிதான் சாட்சி. ஏட்டைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, காலி செய்த உறைபெட்டியில் கழித்தல் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தோம். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கவில்லை. குளிர்ந்த தாளில் வெளிக்காற்று பட்டால் அதன் ஈரமெல்லாம் தாளில்தான் படியும்.

பெந்தகோஸ்துக்கு மறுநாள், அதாவது திருச்சபையின் அன்னையாம் மரியாவின் நினைவு நாளில், மூன்றாவது ஏட்டைத் திறந்தேன். 2018-இலிருந்துதான் இந்த நினைவு அந்தத் திங்களில் வருகிறது. தொடங்க நல்ல நாள் என்று மனதுக்குப் பட்டது.

முதல் நான்கு நாள் செப்பனிடும் வேலை எதுவும் நடக்கவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். கிழிந்தது, ஓட்டை, கறை, பழைய ஒட்டு என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறிப்பு. அலுவலகத்தில் உதவி செய்யும் தங்கை எழுதிக்கொண்டே வந்தார். மொத்தம் 188 தாள். அதில் எழுத்து வெடித்தவை 31, ஓட்டை விழுந்தவை 9. சலிப்பான வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் செப்பனிடும்போது ஏதாவது தவறினால், முன்பு அது எப்படி இருந்தது என்று சொல்ல அந்தப் படம் ஒன்றுதான் இருக்கும்.

அப்புறம் தூசி. ஆட்டு முடியில் செய்த அகலமான மெல்லிய தூரிகையால், மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். உள்பக்கமாகத் தள்ளினால் தூசி முழுவதும் தையலில் போய் அடையும். பூஞ்சை பிடித்த பக்கங்களுக்கு முகமூடியும் கையுறையும் கட்டாயம். சுத்தமான தாளுக்குக் கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது என்றார் சகோதரி. கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழித்துவிடுவோம்.

மடிப்பில் இருந்த தூசியைக் கொட்டிவிட வேண்டாம், ஒரு வெள்ளைத் தாளில் சேர்த்துவைத்துப் பார்த்த பிறகு போடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். அது எவ்வளவு பெரிய அறிவுரை என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அந்த அம்மாவின் பக்கத்துக்கு இரண்டு தாள் தள்ளி, மடிப்பின் அடியில், தூசியோடு தூசியாக ஒரு பழுப்புத் துணுக்கு. அரிசி நீளம்கூட இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். மேல்பக்கம் இரண்டரை எழுத்து. திருப்பினால் பின்பக்கப் பதிவின் ஒரு கோடு. அதை ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் வைத்து மூடிவிட்டு, அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது.

தாள் ஏன் எழுத்து ஓடிய வழியே வெடிக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஏனென்றால் எந்தப் பசை, எவ்வளவு ஈரம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. பழைய ஏடுகளில் உள்ள மை மாசிக்காய் மை. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்து கறுக்கும். திரண்டு நிற்கக் கருவேலம்பிசின் மாதிரி ஒரு பிசின். எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் படப் படக் கறுத்து, தாளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சுரண்டினாலும் போகாது. பல நூற்றாண்டுகள் ஆவணங்களுக்கு இதையே விரும்பியதற்குக் காரணமும் அதுதான். ஆனால் அந்த மை புளிப்பு. அதில் மிஞ்சிய இரும்பு, தாளின் நாரை உள்ளிருந்தே அரிக்கிறது. முதலில் எழுத்தைச் சுற்றி ஒரு பழுப்பு நிழல் விழும். பிறகு எழுத்து பின்பக்கம் தெரியும். பிறகு வெடிப்பு. கடைசியில் எழுத்தே உதிர்ந்து, எழுத்தின் வடிவத்தில் ஓட்டை மட்டும் நிற்கும். பேனாவை அழுத்தி எழுதியவர்களின் பக்கங்கள்தான் அதிகம் போயிருக்கின்றன. பெரிய எழுத்தின் தடித்த கோடு, பெயரின் தொடக்கம், அங்கேதான் மை அதிகம், அங்கேதான் ஓட்டையும்.

ஈரம் பட்டால் அந்த இரும்பு கரைந்து எழுத்தைத் தாண்டி ஓடும். நல்லபடி இருக்கிற இடத்தையும் அது அரிக்கத் தொடங்கும். அதனால் கோதுமைக் கஞ்சிப் பசையைத் தண்ணீராகக் கரைத்து எல்லாவற்றுக்கும் தடவுவது என்ற பேச்சே இல்லை. சகோதரி ஒரு சோதனைத் தாள் கொடுத்திருந்தார். அதைத் துளி நனைத்து, நன்றாக ஒற்றி எடுத்து, எழுத்தின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அரிக்கிற இரும்பு இருந்தால் இளஞ்சிவப்பாகும். நான் பார்த்த பக்கங்களில் பத்துக்கு ஏழில் சிவந்தது. அந்தப் பக்கங்களுக்கு ஒரு வழி, எழுத்து இல்லாத ஓரக் கிழிசல்களுக்கு இன்னொரு வழி.

ஓரக் கிழிசலுக்குக் கோதுமை மாவுச்சத்துப் பசை போதும். மாவு அல்ல, அதிலிருந்து புரதத்தைக் கழுவி எடுத்த மாவுச்சத்து. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், சின்னத் தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் கிளற வேண்டும். வெள்ளையாக இருப்பது கண்ணாடி போலத் தெளிந்து கெட்டிப்படும். ஆறியதும் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து இறக்கினால் கட்டியில்லாமல் வெண்ணெய் போல வரும். இந்த வெயிலில் இரண்டாம் நாளே புளித்துவிடுகிறது. அதனால் தினமும் காலைத் திருப்பலிக்குப் பிறகு கைப்பிடியளவு மட்டும் காய்ச்சிக்கொண்டேன்.

ஒட்டுக்கு ஜப்பானியத் தாள். கோசோ என்ற செடியின் நாரில் செய்தது. ஊதினால் பறக்கும், ஆனால் இழுத்தால் அறாது; நார் அவ்வளவு நீளம். அதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. தண்ணீர் தொட்ட தூரிகையால் ஒரு கோடு போட்டு, அந்த ஈரத்தில் மெல்லப் பிரிக்க வேண்டும். அப்போது ஓரம் முழுக்க நார்கள் பஞ்சு போல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நார்தான் பழைய தாளைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டிய ஓரம் ஒரு கரை மாதிரி நின்று, நாளை அதே இடத்தில் தாள் மடிந்து மறுபடி உடையும். மின்விசிறியைப் போட்டால் ஒட்டுத் தாள் எல்லாம் அறையில் பறக்கிறது. விசிறி இல்லாமல் மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் வேர்வை சொட்டுகிறது. வேர்வைத் துளி பக்கத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். நெற்றியில் துணி கட்டிக்கொண்டு, காலை ஐந்தரை முதல் ஏழு வரை, அப்புறம் இரவு எட்டுக்கு மேல் என்று நேரத்தை மாற்றிக்கொண்டேன். கோடையில் இந்த வேலைக்கு நேரமும் ஒரு கருவிதான்.

எழுத்து வெடித்த பக்கங்களுக்குப் பசையை முன்கூட்டியே தாளில் ஏற்றி வைத்திருந்தோம். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் ஜெலட்டின். வழவழப்பான பாலியஸ்டர் படலத்தின் மேல் அதைப் பூசி, மிக மெல்லிய கோசோத் தாளை அதில் படியவிட்டு, முழுவதும் காய வைத்து உரித்தால், ஒரு பக்கம் பசை ஏறிய தாள் கிடைக்கும். அஞ்சல் தலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும்போது தண்ணீரில் தோய்ப்பதில்லை. ஈரப் பஞ்சின் மேல் ஒற்றுத்தாளை விரித்து, அதன்மேல் இந்தத் துண்டை ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். ஒட்டும் அளவுக்கு மட்டும் ஈரம், ஓடும் அளவுக்கு இல்லை. உடனே வைத்து, மேலே நெய்யாத பாலியஸ்டர் துணி, அதற்கு மேல் ஒற்றுத்தாள், அதற்கு மேல் எடை. ஓர் இரவு அப்படியே.

முதல் பக்கத்தில் தவறினேன். துண்டை அதிக நேரம் ஈரத்தில் வைத்துவிட்டேன். காலையில் எடையை எடுத்தபோது எழுத்தைச் சுற்றி ஒரு மங்கிய பழுப்பு வளையம் தெரிந்தது. பெரிய சேதம் இல்லை, எழுத்து படிக்க முடிகிறது. ஆனால் அது போகாது. அந்தப் பக்கத்துக் குறிப்பில் தேதியோடு என்ன செய்தேன் என்று எழுதிவைத்தேன். பின்னால் வருகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும். அன்று முழுவதும் வேறு பக்கம் தொடவில்லை. வெற்றுத் தாளில் மறுபடி இருபது துண்டு ஒட்டிப் பார்த்தேன்.

நடுவில் நற்கருணைப் பெருவிழா வந்தது. மூன்று நாள் ஏடு மூடியே இருந்தது. பவனிக்குப் பிள்ளைகள் முகாமிலேயே பூக்கூடைகளைத் தயார் செய்துவிட்டார்கள். நற்கருணையை வைத்து ஏந்திச் செல்லும் கதிர்ப்பாத்திரத்தின் கண்ணாடியை மென்மையான துணியால் துடைத்து, திருகாணியை இறுக்கினோம். வெயில் தாழ்ந்த பிறகு பவனி தொடங்கியது. நடக்க முடியாதவர்கள் வீட்டு வாசலிலேயே மண்டியிட்டிருந்தார்கள். சான்றிதழ் கேட்காமல் போன அந்த அம்மாவையும் அப்படி ஒரு வாசலில் பார்த்தேன். துணுக்கு கிடைத்த விஷயத்தை அப்போது சொல்லவில்லை. ஒட்டி முடிக்காமல் சொல்ல மனம் வரவில்லை.

திங்கட்கிழமை இரவு அந்தப் பக்கத்தை எடுத்தேன். ஓட்டையின் பின்பக்கம் ஜெலட்டின் தாளைப் படுக்கவைத்து, எலும்புப் பட்டையால் மேலே இருந்து மெல்லத் தேய்த்தேன். இப்போது ஓட்டைக்குள் கோசோத் தாளின் வெள்ளை தெரிகிறது, அது இன்னும் ஒட்டும் ஈரத்தில் இருக்கிறது. துணுக்கை இடுக்கியால் எடுக்கப் பயமாக இருந்தது; நுனி ஈரமான மெல்லிய தூரிகையால் தொட்டால் தானாக ஏறிக்கொண்டது. ஓட்டைக்கு மேலே கொண்டுவந்து, சாய்வான விளக்கொளியில் கோட்டுக்குக் கோடு பார்த்து இறக்கினேன். ஒரு முறை தலைகீழாக வந்தது. திருப்பினேன். இடப்பக்க எழுத்தின் வால், துணுக்கில் இருந்த கோட்டோடு சேர்ந்தது. மேலே துணி, ஒற்றுத்தாள், எடை. சேர்ந்த பெயரை அப்போது முழுதாகப் படிக்கக்கூட இல்லை. மூச்சு விட்டால் நகர்ந்துவிடுமோ என்று இருந்தது.

காலையில் எடையை எடுத்தேன். ஓட்டையின் நடுவில் இன்னும் ஓர் எழுத்துக்கு இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதை நான் நிரப்பவில்லை, நிரப்பவும் கூடாது. ஆனால் பெயரைப் படிக்க அது தடையில்லை. மத்தியானம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்க அத்தை. அப்பாவோட சண்டை போட்டுட்டுப் போனவங்க. அதான் அம்மா சொல்லல" என்றார். அப்புறம் அந்த அத்தைக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டார். வியாழக்கிழமை காலைத் திருப்பலி அந்தக் கருத்துக்குத்தான்.

செலோடேப் என்கிற ஒட்டு நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பொரு காலத்தில் நல்லெண்ணத்தோடு யாரோ பதினாறு பக்கங்களில் அதை ஒட்டியிருக்கிறார்கள். நாடா மஞ்சளாகிச் சுருண்டுவிட்டது. பசை மட்டும் தாளுக்குள் எண்ணெய் மாதிரி இறங்கி அந்த இடத்தைக் கண்ணாடிபோல ஆக்கியிருக்கிறது. தானாகக் கழன்ற நாடாக்களை மட்டும் எடுத்தேன். பிடித்துக்கொண்டிருப்பவை காப்பகத்துக்குப் போகும். வீட்டில் பழைய விவிலியமோ பெற்றோரின் கடிதமோ கிழிந்திருந்தால், தயவுசெய்து நாடா ஒட்ட வேண்டாம். ஒரு உறையில் போட்டு வையுங்கள், அது போதும். பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி ஒட்டும் லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பி வர வழியே இல்லை.

லேமினேஷன் செய்துவிடலாமே, இனி கிழியாதே என்று பங்குப் பேரவையில் ஒருவர் அக்கறையோடு கேட்டார். வேண்டாம் என்பதற்கு எனக்குத் தாள் மட்டும் காரணமில்லை. திருமுழுக்கு ஏடு எழுதி முடித்த புத்தகம் அல்ல. ஒருவர் உறுதிபூசுதல் பெற்றால், திருமணம் செய்தால், குருவானால், துறவறத்தில் நிரந்தர வாக்குக் கொடுத்தால், அந்தச் செய்தி எங்கிருந்தாலும் அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து சேர வேண்டும். அவருடைய பதிவின் ஓரத்தில் ஏற வேண்டும். இப்போதைய சட்டம் அப்படித்தான். 1907-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் வந்த ஆணை, திருமணத்தைத் திருமுழுக்கு ஏட்டிலும் குறிக்கச் சொன்னது. 1908 பாஸ்காவிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. நம் மூத்த ஏட்டில் ஓரங்கள் பெரும்பாலும் வெறுமை. நடு ஏட்டிலிருந்து ஓரம் நிறையத் தொடங்குகிறது. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் இருபது வருடம் கழித்து வேறொரு கையெழுத்து, வேறொரு மை. ஓரத்தில் எழுத முடியாத ஏடு காட்சிப்பொருள் ஆகிவிடும். அதனால்தான் ஒட்டுகளை முடிந்தவரை பின்பக்கத்தில் வைத்தேன், ஓரங்களில் பசை படாமல் பார்த்துக்கொண்டேன்.

அப்படி ஓரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஏட்டின் பின்பாதியில், பல பக்கங்களுக்கு நடுவே, மடித்த சின்னச் சின்னத் தாள்கள். துருப்பிடித்த குண்டூசியால் குத்தியவை சில, சும்மா செருகியவை சில. துரு ஏறிய ஊசியை இழுக்கக் கூடாது. தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகி, ஊசியைக் கீழே நழுவவிட வேண்டும். எடுத்து விரித்தால், எல்லாம் வெளியிலிருந்து, பெரும்பாலும் வேறு வேறு பங்குகளிலிருந்து, வந்த அறிவிப்புச் சீட்டுகள். உங்கள் பங்கில் திருமுழுக்குப் பெற்ற இன்னார், எங்கள் பங்கில் இந்த நாளில் திருமணம் செய்தார். மொத்தம் 14. வந்து சேர்ந்திருக்கின்றன; யாரோ சரியான பக்கத்தைத் தேடி உள்ளே வைத்தும் இருக்கிறார்கள். ஓரத்தில் மட்டும் ஏறவில்லை. எழுத உட்கார்ந்தபோது நோயாளியைப் பார்க்க அழைப்பு வந்திருக்கலாம். மாற்றல் ஆணை வந்திருக்கலாம். எனக்கு அது நன்றாகவே புரிகிறது. ஆனால் அந்தப் பதினான்கு பேருடைய சான்றிதழ்களிலும் அந்த வரி இல்லாமல்தான் போயிருக்கும்.

ஆயரகத்துக்கு மறுபடி எழுதினேன். சீட்டு எண், அது எழுதப்பட்ட நாள், இன்று பதிகிறேன் என்ற குறிப்பு, என் கையெழுத்து, நான்கும் சேர்த்துப் பதியச் சொல்லிப் பதில் வந்தது. சீட்டுகளைப் புளிப்பற்ற உறையில் தனியாக வைக்க வேண்டும்.

எழுதுவதிலும் ஒரு சிக்கல். இவ்வளவு பழைய தாளில் மேல்பூச்சாக இருந்த ஜெலட்டின் போய்விட்டிருக்கும். மை பட்டால் ஒற்றுத்தாள் மாதிரி குடித்துப் பரவும். ஏட்டின் கடைசியில் இருந்த வெற்றுத் தாளின் மூலையில் மூன்று மையைச் சோதித்தேன். சாதாரணப் பேனா மை நார் வழியே ஓடியது. பந்துமுனைப் பேனா தாளை அழுத்திக் குழிபறிக்கிறது. கரிநிறமி கலந்த நீர்புகா மை, மெல்லிய முனை, அழுத்தாமல் எழுதினால் நின்றது. அதையே எடுத்துக்கொண்டேன்.

இயேசுவின் திருஇருதயப் பெருவிழாவுக்கு முந்தின இரவு எழுத உட்கார்ந்தேன். பன்னிரண்டு சீட்டுகள் பதிவோடு பொருந்தின. ஒவ்வொன்றையும் எழுதும் முன் பெற்றோர் பெயர், பிறந்த நாள், திருமுழுக்கு நாள் மூன்றையும் சரிபார்த்தேன். ஒரே பெயரில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு சீட்டில் ஆண்டு தவறு. அனுப்பிய பங்குக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வந்ததும் ஏறும். இன்னொன்று நம் ஏட்டிலேயே இல்லாத ஆள். அவர் வேறு பங்கைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சீட்டு ஆயரகம் வழியாக அங்கே போகும்.

கடைசியாக எழுதியது, அந்த அம்மாவின் பக்கத்திலேயே, இரண்டு பதிவு கீழே. திருமணச் சீட்டு அல்ல. ஒரு துறவற இல்லத்திலிருந்து வந்த அறிவிப்பு: உங்கள் பங்கின் இந்த மகள் எங்கள் சபையில் நிரந்தர வாக்குக் கொடுத்தார். காகிதம் மடித்த இடத்தில் நான்காகப் பிரிய இருந்தது. ஓரத்தில் மூன்று வரிக்கு இடம் இருந்தது. எழுதி, கையெழுத்திட்டு, மை காயும் வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.